கேட்டதெல்லாம் கொடுத்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் லியனார்ட்டுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல! ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வலப்பனையில் ஒரு ஞானஸ்நானத்துக்கும் ஹட்டனில் ஒரு கல்யாணத்துக்கும் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, எந்த பஸ்சில் ஏறுவதென்று தெரியாமல் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் கோட்டும் சூட்டுமாக நின்ற மனிதர் இவர். டவுனுக்கு வரும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டில்தான் பகல் சாப்பாடு. சட்டியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, நான் பால் விடாத பிளேன்டியோடு படுத்த நாட்கள் உண்டு.

"சமைச்சவளுக்கு ஒரு பிடி மிச்சம் வைக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று கத்துவேன்.

"பாவம், தூரத்துல இருந்து வந்திருக்காங்க டோரீன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்து மூன்று வரை இவர் கொழும்பில் ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அந்த வருஷம் தமிழரை அடித்த கலவரத்தில் உடுத்திய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோது நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மறுபடி கொழும்பு கிடையாது. அதற்கும் சரி என்றார். இவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

பல தோட்டங்களைச் சேர்த்துக் கவனிக்கும் ஆபீஸ் ஒன்று தலவாக்கலையில் இருந்தது. நான் அங்கே டைப்பிஸ்ட். எண்பத்தெட்டில் அந்த ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் என்று இவரையும் வேலைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு தோட்டத்துக் கிளாக்கரும் வந்து, தன் தோட்டத்து ஆட்களின் பெயரையும் அவர்கள் எடுத்த கொழுந்தின் நிறையையும் பதிய வேண்டும். அதற்கான புரோகிராமை இவரே எழுதினார். தோட்டத்தின் பெயரைக் கொடுத்ததும், 'எத்தனை பேருக்கு இடம் வேண்டும்?' என்று அது கேட்கும். என்ன எண்ணைத் தட்டினாலும் மறுபேச்சில்லாமல் அவ்வளவு இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிடும். எழுதியவரின் குணம் எழுதியதில் இல்லாமல் போகுமா?

ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். மெஷின் சரியாக ஓடினால் தலவாக்கலையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் அதைக் கட்டிக் கொழும்புக்கு எடுத்துவிடுவார்கள், இவரையும் அங்கேதான் மாற்றுவார்கள். காலையிலேயே நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

முதலில் உட்கார்ந்தவர் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கர் கந்தப்பன். அவர் தோட்டத்தில் மொத்தம் நானூறு பேர். சாவகாசமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எண்ணாயிரம் என்று தட்டினார். மெஷின் சற்று முனகிவிட்டுச் சரி என்றது. அடுத்து வலப்பனைக் கிளாக்கர் பொன்னையா உட்கார்ந்தார். ஐந்நூறு கேட்டார். இடமில்லை என்று ஒரு வரி வந்தது. அதோடு எல்லாம் நின்றுபோனது. மற்றத் தோட்டங்களின் அன்றைய கணக்கைக்கூடப் பதிய முடியவில்லை.

"ஐயோ, என்னண்ணே செஞ்சீங்க! நானூறு பேருக்கு எதுக்கு எண்ணாயிரம்?" என்றார் இவர், முகம் வெளிறிப்போய்.

கந்தப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன தம்பி இப்புடிக் கேக்குறீங்க? இருபது கம்பளி வேணும்னா நாப்பதுன்னு எழுதுவோம், ஆபீஸ்ல பாதிய வெட்டிட்டு இருபது குடுப்பாங்க. கூடைக்கும் அப்புடித்தான், மருந்துக்கும் அப்புடித்தான். நானூறுக்கு எண்ணூறு. இது கொழும்பு மெஷினாச்சே, இன்னும் கூட வெட்டும்னு ஒரு சைபரையும் சேத்தேன். வெட்டாம அப்புடியே தூக்கிக் குடுக்கும்னு கண்டேனா?"

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. எங்கள் பக்கத்தில் வேண்டியதை வேண்டிய அளவு கேட்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள்.

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது. "இந்த மனுஷர் தெரியாமல் செய்தார்" என்று சிங்களத்தில் சொன்னார். "கெடுக்கவென்றே ஒருவன் வந்தால்? அவன் பூட்டை உடைக்க வேண்டியதில்லை, திருட வேண்டியதில்லை. ஒரு பெரிய எண்ணைக் கேட்டாலே போதும், ஆபீஸ் முழுக்கப் படுத்துவிடும். நான் மத்தியான ரயிலுக்குப் போக வேண்டும். அதற்குள் சரிசெய்தால் பார்க்கலாம்."

கந்தப்பனின் எண்ணாயிரத்தை அழித்துவிட்டு இவர் உட்கார்ந்தார். ஒரு வரம்பு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் கை ஓடவில்லை.

"நாளைக்கு ஒரு பெரிய தோட்டம் வந்து கேட்டா எப்புடி டோரீன் இல்லேங்கிறது?"

"வாயால சொல்லுங்க! இல்லாட்டி மூட்டையக் கட்டுங்க, கொழும்புக்குப் போவோம்!" என்று சீறினேன். எல்லோர் பெயரையும் டைப் அடித்துக் கை வீங்கியவள் நான். எந்தத் தோட்டத்திலும் ஆயிரம் பேரைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். "ஆயிரத்துக்கு மேல யார் கேட்டாலும் முடியாதுன்னு போடுங்க."

போட்டார். ஆனால் வெறுமனே முடியாது என்று போட மனசு கேட்கவில்லை. 'மன்னிக்கணும் அண்ணே, அவ்வளவு முடியாது' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி வைத்தார். மெஷினும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

கந்தப்பனை மறுபடி உட்கார வைத்தார்கள். மனிதர் அசராமல் அதே எண்ணாயிரத்தைத் தட்டினார். மன்னிக்கணும் அண்ணே என்றது. நாலாயிரம் தட்டினார். அதற்கும் அதே பதில். கந்தப்பன் முகம் மலர்ந்தது.

"ஆ! இப்பத்தான் இது ஆபீஸ் மாதிரி இருக்கு!" என்று சொல்லிக்கொண்டு நானூறு என்று தட்டினார்.

பொன்னையாவுக்கும் இடம் கிடைத்தது. எல்லாத் தோட்டத்துக் கணக்கும் ஏறியது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் மாதாவுக்கு நன்றி சொல்லி வாய் மூடவில்லை, அவர் இவருடைய தோளில் கையைப் போட்டார்.

"இதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நீ என்னோடு கொழும்புக்கு வா. பெரிய மெஷின், நல்ல வீடு தருவோம். என்ன சொல்கிறாய்?"

இவர் தலையாட்டிவிடுவார் என்று சத்தியமாக நினைத்தேன். கேட்டவர் பெரிய மனுஷர், கேட்டதோ அன்பாக. இவர் என்னைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும் சேர்" என்று சிங்களத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் நிறுத்தி, மிச்சத்தையும் சொன்னார். "அவ்வளவு முடியாது."

அதிகாரி இவர் கையைக் குலுக்கிவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டார். நான் டைப்ரைட்டர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

இவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஏன் டோரீன் அழுற? தப்பாச் சொல்லிட்டேனா?"

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.