இரண்டு பெட்டிகளில் எது நல்லது

தைப்பிங்கில் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி ஒருவர் இருக்கிறார். எங்களைப் போலவே அமெச்சூர் வானொலிப் பைத்தியம். அவரிடம் இரண்டு பெரிய ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிட நினைத்தார். எதை வைத்துக்கொள்வது என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி இரண்டையும் எங்கள் வேனில் ஏற்றிவிட்டார். நாங்கள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு.

நாங்கள் என்றால் நானும் ஓர் அண்ணனும். உடன்பிறந்தவர் அல்ல. ஈப்போவில் ஏர்கோன் பழுதுபார்ப்பவர். வானொலி உரிமத் தேர்வை என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து எழுதியவர். எங்கள் குடும்பத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகாமல் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான். அந்த மரியாதையில், கருவி விஷயமென்றால் என்னை ஒரு வார்த்தை கேட்பார். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வார்.

அவருக்குத் தொண்டையில் புற்று. புதன்கிழமை மருத்துவமனையில் சேர வேண்டும், மறுநாள் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரே ஓர் ஆசை அவருக்கு இருந்தது. எங்கள் பேராக் மாநிலத்தில் ஒரு குழி தோண்டி நேராக இறங்கினால் ஏறக்குறைய ஈக்வடாரில் வெளியே வரலாம். உலகத்தில் எங்களுக்கு ஆகத் தூரமான இடம் அதுதான். அங்கே ஒருவர் தினமும் எங்கள் சாயங்காலத்தில், அதாவது அவருடைய விடியற்காலையில், ஒரே அலைவரிசையில் வந்து உலகத்தோடு பேசுவார். எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். நாங்கள் கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. அண்ணன் மோர்ஸில் ஈக்வடாரைத் தொட்டிருக்கிறார், கணினி வழியாகவும் தொட்டிருக்கிறார். குரலால் தொட்டதில்லை.

"கம்ப்யூட்டர் பேசுனதெல்லாம் நான் பேசுனதா? கரகரன்னு போனாலும் என் தொண்டை போவணும்லா" என்றார்.

எங்கள் சாதாரணக் கருவியின் சக்தியை இந்தப் பெட்டிகள் பத்து மடங்காக்கும். ஆனால் பெட்டியும் அன்டெனாவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய சக்தி திரும்பி வந்து பெட்டியையே தாக்கும். அந்தப் பொருத்தத்தை முன்பெல்லாம் கையால் திருகிப் பிடிப்பார்கள். இவை இரண்டும் தாமாகவே பிடிப்பவை. ஒன்று பழைய வால்வுப் பெட்டி. சூடேறச் சில நிமிடம் ஆகும், பிறகு உள்ளே மோட்டார்கள் முனகிக்கொண்டு சுழன்று பொருத்தத்தைத் தேடும். மற்றது புதியது. படபடவென்று சின்னச் சத்தம் கேட்கும், மறு நொடி பச்சை விளக்கு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய பட்டறையில், அன்டெனா இல்லாமல், சக்தியை வாங்கி விழுங்கும் சோதனைச் சுமையில் மாட்டிப் பார்த்தோம். இரண்டும் ஒரே அளவுதான் கொடுத்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சிலிம் ரிவர் பக்கம் அண்ணன் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகுகாலமாகிவிட்டது. தொழிலாளர் லயத்தில் நாலைந்து குடும்பங்கள்தான் மிச்சம். முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை காலியாகக் கிடந்தது. கோயில் கமிட்டியைக் கேட்டுக் கோயிலிலிருந்து கரண்டு இழுத்து அங்கேதான் முன்பே நிலையம் வைத்திருந்தோம். நகரத்து இரைச்சல் எட்டாத இடம். கம்பி அன்டெனா கோயில் அரசமரத்துக்கும் ஒரு செம்பனைக்கும் இடையில் உயரத்தில் தொங்கியது.

முதலில் வால்வுப் பெட்டி. மோட்டார் சுழன்றது, திரும்பி வந்தது, மறுபடி சுழன்றது. சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடியும் சிவப்பு.

"தைப்பிங் சாமான் தம்பி. அந்த ஊரு மழையில மனுஷனே துருப்பிடிச்சிருவான், மோட்டார் என்னா ஆவும்?" என்றார். நானும் சிரித்தேன். பேராக்கில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

புதியதை மாட்டினோம். உடனே பச்சை.

அன்டெனாவை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். ஈக்வடார்க்காரர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார். அண்ணன் அண்ணாந்து பார்த்தார். கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முழுசாகத்தான் தெரிந்தது.

"எறக்கி ஏத்துறதுக்குள்ள அவன் போயிருவான். பச்ச வந்திருச்சில்ல, விடுலா."

அன்று இருட்டும்வரை கூப்பிட்டார். செவ்வாயும் கூப்பிட்டார். ஈக்வடார்க்காரர் ஜப்பானுக்குப் பதில் சொன்னார், ஆஸ்திரேலியாவுக்குச் சொன்னார். நடுவில் தரையில் கிடந்த அன்டெனா கேபிளைத் தொட்டேன், சுட்டது. இவ்வளவு சக்தி போனால் சூடாகத்தான் செய்யும் என்றார் அண்ணன். இடைவெளியில் கொஞ்சம் வெந்நீர் குடிப்பார், மைக்கை எடுப்பார். செவ்வாய்க்கிழமை கடைசியில் குரல் காற்றாகத்தான் வந்தது. நான் கூப்பிடட்டுமா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்தார். வேறு யாராவது இருக்கிறீர்களா என்று ஈக்வடார்க்காரர் கேட்டு, சற்று நேரம் காத்திருந்தார். அண்ணன் தன் அழைப்புக்குறியை மூன்று முறை சொன்னார். யாரும் இல்லை போலிருக்கிறது, காபி குடிக்கப் போகிறேன் என்று சொல்லி அவர் அலையை விட்டுப் போனார்.

"இந்தத் தொண்டைக்கு ஆம்ப்ளிஃபையர் பத்தாது போல" என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

சனிக்கிழமை தனியாகப் போய் அன்டெனாவை இறக்கினேன். நடுவில் கேபிள் சேரும் இடத்தில், மேலுறைக்கு உள்ளேயே செம்பு பச்சைப்பிடித்து அறுந்திருந்தது. வெறும் உறைதான் கம்பியைத் தாங்கிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு அறுந்த கம்பியே போதும். அனுப்புவதற்குப் போதாது. வால்வுப் பெட்டி அறுந்த அன்டெனாவோடு பொருந்த முடியாமல் உள்ளதைச் சொல்லி நின்றிருக்கிறது. புதியது கெட்டிக்காரப் பெட்டி, எதோடும் பொருந்திக்கொள்ளும். நாங்கள் கொடுத்ததை எல்லாம் கேபிளில் சூடாக்கித் தீர்த்துவிட்டுப் பச்சை காட்டியிருக்கிறது.

மறுநாள் வார்டுக்குப் போனேன். கழுத்தில் துளை, அதைச் சுற்றிக் கட்டு. என்னைக் கண்டதும் கைபேசியை எடுத்துத் தட்டிக் காட்டினார்: தைப்பிங்காரருக்கு என்ன சொன்ன? எது நல்லது?

புதியது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் என்னைக் கேட்பது கருவி விஷயம்.

"வால்வுப் பெட்டிதான்ணே" என்றேன்.

அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உடனே தட்டினார்: அன்டெனாவா?

ஆமாம் என்றேன்.

மெதுவாக, எழுத்தெழுத்தாகத் தட்டினார்: அப்ப என் சத்தம் கொட்டாயவே தாண்டல.

"கொஞ்சமாச்சும் போயிருக்கும்ணே."

கைபேசியைப் போர்வையின் மேல் கவிழ்த்து வைத்தார். நான் கிளம்பும்வரை அதை அவர் திரும்ப எடுக்கவில்லை.