மாரிசெல்வியின் மூன்றாவது கல்

மாரிசெல்விக்கு மூன்றாவது முறையாகச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது, வலியைவிடப் புருஷன் லிங்கேஸ்வரனின் வாய்தான் அவளைக் கூடுதலாக வதைத்தது.

"ஏட்டி, தண்ணி குடி, தண்ணி குடின்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

கேட்கத்தான் செய்தாள். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. முதல் கல் விழுந்ததிலிருந்து பெரிய பாட்டிலோடுதான் போய்வந்தாள். அடிக்கடி எழுந்து பாத்ரூம் போவதைப் பார்த்துச் சூப்பர்வைசர் பால்ச்சாமி, "ஏம்மா, வேலைக்கு வந்தியா, தண்ணி குடிக்க வந்தியா?" என்பார். பொறுத்துக்கொண்டாள். தக்காளியை விட்டாள், கீரையை விட்டாள். பால் சேர்த்தால் கல் வளரும் என்று யாரோ சொல்ல, டீயும் போயிற்று. வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு குடித்துக் குடித்து நாக்கே மரத்துவிட்டது. அதே வீட்டில் கறியும் கருவாடுமாகத் தின்றுகொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட முழுசாகக் குடிக்காத லிங்கேஸ்வரனுக்கு ஒரு மண்ணும் வரவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஜாஸ்மின், கல் விழுந்தால் எடுத்து வரச் சொல்லியிருந்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் ஒரு துண்டை எடுத்துவந்து, ஒவ்வொரு தடவையும் சிறுநீரை அதில் வடிகட்டினாள். கூச்சமும் ஆத்திரமுமாக வந்தது. கடைசியில், உயிர் போகிற வலிக்குப் பிறகு, கடுகளவு பழுப்புக் கல் ஒன்று துணியில் தங்கியது.

"இதுக்கா இம்புட்டுப் பாடு!" என்று அதையே வெறித்துப் பார்த்தாள்.

கல்லைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்ததும் இருவரும் டாக்டரிடம் பஸ் ஏறிப் போனார்கள்.

"நான் என்னதான் தப்பு பண்ணுதேன் டாக்டர்?" உட்காரும் முன்பே கேட்டாள்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. எல்லார் சிறுநீர்லயும் உப்பு பொடிப்பொடியா உறையும். உடம்பு சுரக்கிற சில புரதம் அந்தப் பொடிய மூடி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவிடாமப் பாத்துக்கிடும். சிலருக்கு அந்தப் புரதமே திரண்டு பசை மாதிரி ஆயிரும். பொடியெல்லாம் ஒட்டிக் கல்லாயிரும். உங்களுக்கும் அப்படி இருக்கலாம்."

"அதுக்கு மாத்திரை?"

"அந்தப் புரதத்தச் சரிபண்ண இன்னும் மருந்து வரல." டாக்டர் தயங்கினார். "தண்ணிய விடாதீங்க. உப்பையும் கறியையும் குறைங்க. பால நிறுத்த வேண்டியதே இல்ல. பருப்பு, முட்டை அளவாச் சாப்பிடலாம்."

மாரிசெல்வி தான் விட்ட டீயையெல்லாம் நினைத்துக்கொண்டாள். அப்படியானால் இத்தனை வருஷம் வாயைக் கட்டியது எதற்கு?

பஸ் ஸ்டாண்டில் லிங்கேஸ்வரன் ஆரம்பித்தான். "பாத்தியா, புரதம்தான் காரணமாம்! நாளையிலருந்து ஒனக்கு முட்டையும் கிடையாது, பருப்பும் கிடையாது."

அவளுக்குள் ஏதோ அறுந்தது. "அவிய சொன்னது என் உடம்பு சுரக்குற புரதத்தங்க! கோழி போடுற முட்டைய இல்ல. காதுல என்னத்த வாங்குனீங்க?"

நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லாம் ஒண்ணுதான்..." என்று அவன் முனகினான். அவள் நேரே டீக்கடைக்குள் போய், பாலைக் கூடுதலாக ஊற்றச் சொல்லி ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் பால்ச்சாமி வாயைத் திறந்ததும், "எந்திரிச்சுப் போகத்தான் செய்வேன் சார். எனக்குக் கல்லு வந்தா அந்த வலிய நீங்களா வாங்கிக்கிடுவீங்க?" என்றாள். அவர் அத்தோடு விட்டார்.

அடுத்த ஸ்கேனில் இடது பக்கம் மறுபடி ஒரு சின்னத் துணுக்கு தெரிந்தது. லிங்கேஸ்வரன் அவள் பாட்டிலை வாங்கிப் போய்த் தண்ணீர் பிடித்துவந்தான். மாரிசெல்வி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மதிய ஷிப்டுக்குக் கிளம்பினாள்.