காரோட்டுபவருக்கு ஒரு சின்ன பாட்டில்

என் கணவர் குடித்தே போய்ச் சேர்ந்தார். ரயில்வேயில் வேலை, எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீடு, ஐம்பத்தொரு வயதில் ஈரல் கெட்டுச் சாவு. அப்போது மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். டாக்டர் சொன்னதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

பிறகு அவனுக்கு ஸ்காட்லாந்தில் வேலை கிடைத்தது. எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்துக் குடிவைத்தான். கல்யாணமும் செய்துவைத்தேன். ஒன்றரை வருஷத்தில் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. போன வருஷம் அவனோடு இரண்டு மாதம் இருக்கப் போனேன். எனக்காக லீவு போட்டு, காரோடு கப்பலில் ஏற்றி ஒரு தீவுக்கு அழைத்துப்போனான். அங்கே விஸ்கி காய்ச்சும் சின்ன ஆலை ஒன்று இருக்கிறது, தானும் பார்த்ததில்லை, பழைய கட்டடம், நன்றாக இருக்கும் என்றான். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சரியென்றேன்.

கடலையொட்டி வெள்ளையடித்த கட்டடம். ஒரு பெண்மணி சுற்றிக் காட்டினார். முதல் அறையில் பார்லியை ஊறவைத்துத் தரை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். நான் மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கும் மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அந்த ஈர வாசனை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். மென்றேன், இனிப்பாக இருந்தது. இதையா இப்படி ஆக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்புப் பாத்திரங்கள் இருந்த அறைக்குள் நுழைந்ததும் அந்த நெடி முகத்தில் அடித்தது. என் கணவரின் சட்டைகளைத் துவைத்த இருபது வருஷமும் அதில் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தப் பெண்மணி மகனிடம், இந்தத் தடவை அம்மாவையும் கூட்டி வந்துவிட்டாயா என்று சிரித்தபடி கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் எல்லோருக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். கார் ஓட்டுகிறவர்கள் அங்கே குடிக்கக்கூடாதாம். வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டைவிரல் அளவு பாட்டில் ஒன்று தருகிறார்கள். அவன் அதை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொன்னான். நான் தொடாமல் தள்ளிவைத்த என் டம்ளரும் அதற்குள் காலியாகியிருந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நெடி நிறைந்துவிட்டது. வெளியே மழை.

"எத்தனை வருஷமாடா?" என்று கேட்டேன்.

சாவியைத் திருகிக்கொண்டே, "அப்பா மாதிரி இல்லம்மா. இது வேற" என்றான்.

"வண்டிய எடுக்காதடா."

"கப்பல் போயிரும்மா."

எனக்கு ஓட்டத் தெரியாது. இறங்கி நின்றிருக்கலாம், ஆனால் அவனைத் தனியாக விட மனமில்லை. எதிரே ஒரு வண்டியும் வந்துவிடக்கூடாது என்று ஒரே ஒரு கார் போகும் அகலமுள்ள அந்தப் பாதை முழுக்க ரங்கநாதரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். எதுவும் நடக்கவில்லை. கப்பலில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவன் மனைவி ஏன் போனாள் என்று அப்போது புரிந்தது. அவளிடம் நான் ஃபோனில் பேசிய கடுமையான வார்த்தைகளும் நினைவுக்கு வந்தன.

நான் ஸ்ரீரங்கம் திரும்பிய பிறகு, மழைக்காலத்தில், அவனுடைய லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு வேலையும் போனது. பக்கத்து ஃப்ளாட்டில் கேட்டால் நன்றாக இருக்கிறான் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் கூப்பிடுகிறேன். சில வாரம் எடுக்கிறான். முகத்தைக் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான். ஊருக்கே வந்துவிடு என்றேன் ஒருநாள்.

"வந்து என்னம்மா பண்ணப்போறேன்?" என்றான்.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். அப்போது அங்கே விடிந்துகூட இருக்காது.