பொட்டு வைத்த சீடிப் பெட்டி

லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகி நின்றது. ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தேன். எம்பிராய்டரி டிசைன்களை எல்லாம் முன்னமே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

லேப்டாப்பிலிருந்து டிசைன் அனுப்பினால் பூத்தையல் போடுகிற மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன். அதை நம்பித்தான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டேன். இனி மலை ஏறமாட்டேன் என்று எங்கள் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மென்பொருளாகத் திரும்ப ஏற்றினேன். பிரிண்டருக்கானது ஏறியது. படம் திருத்துவதும் ஏறியது. கடைசியாக, டிசைன் வரைந்து மெஷினுக்கு அனுப்புகிற மென்பொருள். அது லைசென்ஸ் நம்பரைக் கேட்டது. நம்பர், அந்த மென்பொருள் வந்த சீடிப் பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் இருக்கும். பெட்டி சாமித் தட்டில் இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். நம்பரைக் காணோம். மஞ்சளும் சிவப்புமாகக் கறைதான் இருந்தது. சரஸ்வதி பூசைக்குப் பூசை அம்மா அதற்குச் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய பெட்டியில் பொட்டு வைக்க வேறு இடமா இல்லை!

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். போனில் படமெடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். மூன்றா எட்டா என்றே தெரியவில்லை. மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன், எதையும் அது ஏற்கவில்லை. மெஷினை விற்ற கொழும்புக் கடைக்குப் போன் பண்ணி, தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அது பழைய மென்பொருள், இப்போது வருவதில்லை, புதியதை வாங்குங்கள் என்றார்கள். அந்த விலைக்கு நான் எங்கே போவேன்? தலவாக்கலைக் கல்யாணப் பெண்ணின் பிளவுஸ், ஒரு கைக்கு மட்டும் பூ விழுந்து மெஷினிலேயே கிடந்தது.

மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் கத்தினேன்.

"யாரைக் கேட்டு இதுல பொட்டு வச்சீங்க?"

"தொழில் நல்லா வரணும்னுதானே வச்சேன்."

அம்மா பெட்டியை வாங்கி, தேங்காயெண்ணெய் தொட்டுக் கறையைத் துடைக்கப் பார்த்தார். மிச்சமிருந்த ஸ்டிக்கரும் கிழிந்து விரலோடு வந்தது. நான் ஓவென்று அழுதேன். அம்மா அந்தத் துண்டைத் திரும்ப ஒட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கங்காணிகிட்ட ஒன் பேரச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் கூப்பிடுவாங்க, கொழுந்தெடுக்க வந்துரு."

மூலையில் கிடந்த என் கொழுந்துக் கூடையை எடுத்துத் தூசி தட்டினேன்.