இரண்டு முனையும் தூக்கிய ஸ்கீ

எங்கள் ஊர் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் இருக்கும் ஓகினுமாவுக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. இத்தனை வயதில் "எனக்கு இதுதான் வேண்டும்" என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பனிச்சறுக்குச் சரிவின் அடியில் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் கறிச்சோறா, ராமென் நூடுல்ஸா என்று கேட்டால், "எதுன்னாலும் சரிங்க" என்பான். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வரும். புதுக் குழாய் முதலில் மேல்தெருவுக்கா, கீழ்த்தெருவுக்கா என்று சண்டை வந்தபோது இரண்டு தெருக்காரர்களிடமும் தலையாட்டினான். இரண்டு தெருவிலும் பள்ளம் தோண்டினார்கள். ஒரு பனிக்காலம் முழுக்க இரண்டு தெருவிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. என் கடை கீழ்த்தெருவில் இருக்கிறது. அதனால் அவனைப் பற்றி நான் பூப்போலப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெயர் டோக்கியே. பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகை விற்பது, விளிம்பு தீட்டுவது, அடியில் மெழுகு தேய்ப்பது, இதுதான் என் பிழைப்பு. எங்கள் தொழிலில் வரப்போகிற பனிக்காலத்து ஸ்கீயை முந்தின வசந்தத்திலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். போன வசந்தத்தில் ஓகினுமா கடைக்கு வந்து, ஒரு மணி நேரம் கையுறைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, எனக்கு ஒரே ஜோடி ஸ்கீ வேணும். காலையில மன்றத்துக்காரங்களோட சரிவுல போகணும். மத்தியானம் பார்க்லயும் போகணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டும் ஒரே மலையில்தான் இருக்கின்றன, ஆனால் வேறு வேறு உலகம். ஊர் ஸ்கீ மன்றத்தின் தலைவர் இவாபுச்சி, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒரே நிறச் சட்டை போட்டு, முழங்கால் அகலாமல், ஒருவர் தடத்தில் ஒருவராக இறங்குவார்கள். பார்க் என்பது தாவுவதற்குப் பனிமேடுகளும், வழுக்கிப் போக இரும்புக் கம்பிகளும் போட்ட பக்கத்து இடம். அங்கே தொளதொள கால்சட்டை போட்டவர்கள் பின்பக்கமாகவே இறங்குவார்கள். அந்தப் பக்கம் கண் போனாலே இவாபுச்சி தொண்டையைச் செருமுவார்.

"பார்க்ல உனக்கு என்னப்பா வேலை? யாரு இருக்கா அங்க?"

அவன் காது சிவந்துவிட்டது. அப்புறம் நான் கேட்கவில்லை. அங்கே ரிக்காகோ இருக்கிறாள். பெரிய வண்டியை ஓட்டி அந்த மேடுகளைச் செதுக்குகிறவள். ஒரு முறை கல்யாணமாகிப் பிரிந்து வந்தவள், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். மூன்று பனிக்காலமாக ஓகினுமா சூடான டின் காபி இரண்டு வாங்கிக்கொண்டு அவளிடம் போகிறான். ஒன்று இனிப்பு, ஒன்று கசப்பு. "எனக்கு எது?" என்று அவள் கேட்பாள். "எதுன்னாலும் சரிங்க" என்பான். "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்பாள். "எதுன்னாலும்..." இரண்டும் ஆறிப்போய்விடும்.

"சரி, ஸ்கீயைப் பார்ப்போம்" என்றேன். "சரிவுக்குன்னா விறைப்பா, நடுவுல ஒல்லியா இருக்கணும். பனியைக் கடிச்சுப் பிடிக்கும். பார்க்குக்குன்னா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும், முன்னாடி மாதிரியே பின்னாடியும் தூக்கியிருக்கணும். உனக்கு எது முக்கியம்?"

"ரொம்ப விறைப்பும் வேணாம், ரொம்ப தளர்வும் வேணாம். ரொம்ப ஒல்லியாவும் இல்லாம, குண்டாவும் இல்லாம..."

"ஸ்கீ கேக்குறியா, பொண்ணு கேக்குறியா?"

கடைசியில் நானே எடுத்துக் கொடுத்தேன். நடுத்தர அகலம், நடுத்தர விறைப்பு, இரண்டு முனையும் மேலே தூக்கியது. காலைச் சரிவுக்கும் தாங்கும், மத்தியானத் தாவலுக்கும் தாங்கும். தலைவர் கண்ணை உறுத்தாமல் இருக்கக் கறுப்பு நிறம்.

பனிக்காலம் வந்தது, ஸ்கீயும் வந்தது. பூட்ஸைப் பிடிக்கும் கட்டையைப் பலகையில் எந்த இடத்தில் திருகுவது என்று அடுத்த கூத்து. பார்க்குக்காரர்கள் நட்டநடுவில் வைப்பார்கள், சரிவுக்காரர்கள் சற்றுப் பின்னால் தள்ளி வைப்பார்கள். துளை போட்டால் போட்டதுதான். ஓகினுமா சாயங்காலம் தவறாமல் வந்து பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனான். பனி உருகத் தொடங்கியபோது என் பொறுமையும் போய்விட்டது.

"துளை பலகைக்குத்தாம்பா போடப்போறேன், உன் மண்டைக்கு இல்ல. சொல்லித் தொலை!"

"நீங்க எங்க வச்சாலும்..."

துளைக் கருவியை எடுத்து இரண்டுக்கும் இடையில் நானே போட்டுவிட்டேன். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. பின்முனை தூக்கியிருக்கு. வேகத்துல பனியை வாரிப் பின்னால வர்றவன் மூஞ்சியில அடிக்கும். வரிசையில கடைசியா போ."

"தலைவர் என் பின்னாடிதான் வருவாரு."

"இடத்தை மாத்திக் குடுங்கன்னு கேளு."

"கேக்குறேங்க" என்றான். கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

சரிவை மூடும் கடைசி நாளுக்கு முந்தின நாள் ரிக்காகோ கடைக்கு வந்தாள்.

"அக்கா, அவரு நல்லவருதான். என் பழைய வீட்டுக்காரரும் நல்லவருதான். அவங்கம்மா சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரின்னு இருந்தாரு. நான்தான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது. நாளைக்குப் பத்து மணிக்குப் பார்க்குக்கு வரச் சொல்லியிருக்கேன். வரலைன்னா அந்த ரெண்டு காபியையும் இனிமே அவரே குடிச்சுக்கட்டும்."

பத்து மணிக்குத்தான் மன்றத்தின் வரிசைச் சறுக்கல். இரண்டு பேரிடமும் "வர்றேங்க" என்று சொல்லியிருக்கிறான், படுபாவி.

மறுநாள் சரிவின் அடியில் மெழுகு மேசையோடு நின்றிருந்தேன். வரிசை இறங்கியது. முதல் திருப்பம் அழகாக வந்தது. இரண்டாவது திருப்பத்தில் ஓகினுமாவின் பின்முனை அள்ளி வீசிய ஈரப்பனி முழுவதும் இவாபுச்சியின் முகத்தில் அப்பியது. அவர் நிலைகுலைந்து உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் நின்றிருப்பான், அல்லது ஓடியிருப்பான். எங்கள் ஊர்க்காரன் மன்னிப்புக் கேட்பான். யாருக்குத் தப்பு செய்தானோ அந்தப் பெரியவரை நேருக்கு நேர் பார்த்து, இடுப்பை மடக்கி, அவர் "நிமிரு" என்று சொல்லும்வரை அப்படியே நிற்க வேண்டும். ஓகினுமா துள்ளித் திரும்பி, மேலே இருந்த தலைவரைப் பார்த்துக் குனிந்தான். இரண்டு முனையும் தூக்கிய ஸ்கீக்கு முன் ஏது, பின் ஏது? அது பாட்டுக்குப் பின்பக்கமாக நழுவ ஆரம்பித்தது.

"மன்னிச்சிருங்க தலைவரே! மன்னிச்சிருங்க!"

தலைவர் வாய் நிறையப் பனி. நிமிரச் சொல்ல ஆளில்லை. குனிந்த தலை குனிந்தபடியே வேகம் பிடித்து, ஓரத்து வழியாகப் பார்க்குக்குள் நுழைந்து, ரிக்காகோ அன்று காலையில் செதுக்கிய மேட்டில் ஏறி, ஆகாயத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான். ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சுத்தமாக இறங்கியிருந்தான். அப்புறம்தான் ரிக்காகோவின் வண்டிக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தான். துளை நான் போட்டது, சும்மாவா?

பார்க் பசங்கள் கைதட்டினார்கள். மேலே இவாபுச்சி பனியைத் துப்பிவிட்டுக் கத்தினார்: "ஓகினுமா! மேல வா! முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!"

ரிக்காகோ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். "போறீங்களா, இருக்கீங்களா?"

அவன் வாய் "எ" என்று திறந்தது. டேய், சொல்லிடாதே, அதை மட்டும் சொல்லிடாதே என்று முணுமுணுத்தேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். எழுந்தான். மேலே பார்த்துச் சின்னதாக ஒரு முறை குனிந்து, அவர் சொல்லாமலேயே நிமிர்ந்தான். "நான் வரலைங்க!" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பிறகு சட்டைக்குள்ளிருந்து நசுங்கிப்போன இரண்டு டின்களை எடுத்தான்.

"கசப்பு உங்களுக்கு. எனக்கு இனிப்புதான் பிடிக்கும்."

ரிக்காகோ வாங்கி, திறந்து, குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழ்த்தெருவில் தண்ணீர் வராத அந்தப் பனிக்காலத்தைக்கூட அவனுக்கு மன்னித்துவிட்டேன்.