கேட்ச்சர் வெண்டலின் வாக்கு

ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு முன்னாலும் லாரியை நிறுத்தி, பனி தள்ளும் இரும்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் மறுபடி இறக்குகிறார் வெண்டல் ஸ்டாக்கி. மற்ற ஓட்டுநர்கள் இப்படிச் செய்வதில்லை. ஒரே இழுப்பில் தெருவைத் துப்புரவாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தெருப் பனியெல்லாம் வாசலில் வரப்பு மாதிரி குவிந்து கிடக்கும். வீட்டுக்காரர்தான் மண்வாரியோடு மல்லுக்கட்ட வேண்டும். ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று மேலதிகாரி கேட்டதற்கு, "தெருவும் அவங்களுதுதான், வாசலும் அவங்களுதுதான். ஒண்ணுல இருந்து அள்ளி இன்னொண்ணுல கொட்டினா அதுக்குப் பேரு சுத்தமா?" என்றாராம்.

எங்கள் ஊர் ஹார்லன் கிரீக்கில் யாரும் வெண்டலிடம் வழி கேட்கமாட்டார்கள். அறுபத்தொரு வயது, குட்டைக் கழுத்து, அலமாரி போல அகன்ற முதுகு. இளமையில் பேஸ்பால் ஆடியவர். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர். அந்த ஆட்டம் அவருடைய வலது கை விரல்களை ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டது போல ஆக்கிவிட்டது. நேராகப் போ என்று கை காட்டினால் கட்டைவிரல் ஆற்றுப் பக்கம் காட்டும், சுட்டுவிரல் கல்லறைப் பக்கம் காட்டும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நிஜமாகவே கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். "எல்லாரும் கடைசியில போற எடம்தானே, இவரு கொஞ்சம் சீக்கிரமா பார்த்துட்டாரு" என்று சிரித்தார் வெண்டல்.

எப்போதும் வாயில் சூரியகாந்தி விதை இருக்கும். உமியைக் கீழே துப்பமாட்டார். சட்டைப்பையில் மடித்து வைத்த காகிதக் கோப்பை அதற்குத்தான். ஒருவரைப் பற்றி ஏதாவது குறை சொல்ல வேண்டும் என்றால், அவர் இல்லாத இடத்தில் சொல்லமாட்டார். என் மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கு விலை கூடுதல் என்று நினைத்தவர், நோரீனின் உணவகத்தில் யாரோ அதே பேச்சை எடுத்தபோது எழுந்து நேராக என் கடைக்கு வந்து, "உன்கிட்ட விலை அதிகம். அங்க பேசிக்கிட்டிருக்காங்க. இங்க வந்து சொல்லலாம்னு வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அதே விலைக்கு ஒரு புட்டி வாங்கிக்கொண்டும் போனார்.

அவருடைய நெருங்கிய சிநேகிதர் ரே டாலிவர். அந்தப் பெயரை எங்கள் ஊரில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பெருமையும் சங்கடமும் கலந்த தாழ்வு அது. இருவரும் இந்த ஊரில் ஒன்றாக வளர்ந்தவர்கள். கீழ்மட்ட அணியில் ஒரே அறையில் தங்கி ஆடினார்கள். ரே மேலே, நாட்டின் பெரிய அணிக்குப் போனார். பதினெட்டு வருடம் ஆடினார். அவர் மட்டையிலிருந்து பறந்த பந்துகளை நாடே அண்ணாந்து பார்த்தது. பிறகு, உடல்பலம் கூட்டும் தடைசெய்யப்பட்ட ஊசியைப் போட்டுக்கொண்டுதான் ஆடினேன் என்று அவரே ஒத்துக்கொண்டார். பேஸ்பாலின் பெரிய புகழ்மன்றத்துக்கான வாக்கெடுப்பில் வருடா வருடம் அவர் பெயர் வந்தது, வருடா வருடம் விழுந்தது. ரே தன் அம்மாவின் பழைய வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். புதன்கிழமைகளில் வெண்டலும் அவரும் அந்த வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள்.

ரேயைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் வெண்டலுக்குப் பொறுக்காது. ஒருநாள் உணவகத்தில் லாரிக்காரர் ஒருவர், "எல்லாம் ஊசி பண்ண வேலை. அவன் என்னத்தை அடிச்சான்?" என்றார்.

வெண்டல் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "ஊசி கைக்குப் பலம் குடுக்கும். சரி. கண்ணுக்கு என்ன குடுத்துச்சு? எறியறவன் விரலை விட்டுப் பந்து கிளம்பும்போதே அது எங்க வந்து சேரும்னு ரேக்குத் தெரியும். பின்னால குந்திக்கிட்டிருந்தவன் நான். எனக்கே தெரியாது. நீ சாப்பிடு, ஆறிடப் போவுது."

அதனால்தான் பிப்ரவரியில் எங்கள் குழு கூடியபோது வெண்டலின் வாக்கு என்ன என்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊர்ப் புகழ்ச்சுவர் இருக்கிறது. விளையாட்டில் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களின் படங்களை அதில் மாட்டுவோம். யாரை மாட்டுவது என்று முடிவு செய்ய ஐந்து பேர்: உணவகக்கார நோரீன், முடிதிருத்தும் லெஸ்டர், பாஸ்டர் டாயில், வெண்டல், நான். ரே டாலிவரின் பெயரை முன்மொழிந்தது லெஸ்டர்.

"அந்தக் காலத்துல எவன்தான்யா ஊசி போடல?" என்று லெஸ்டர் ஆரம்பித்தார். "எறிஞ்சவனும் போட்டான், அடிச்சவனும் போட்டான். சரிக்குச் சரி ஆயிப்போச்சு. யோவ் மருந்துக்கடை, நீ சொல்லு. ஊசி போட்டா பந்து தானா பறக்குமா?"

"பறக்காது. ஆனா தோள்வலி சீக்கிரம் ஆறும். மத்தவன் கட்டுப்போட்டு உக்காந்திருக்கிற நாள்ல இவன் ஆடலாம்" என்றேன். அப்படிச் சொன்னாலும் என் வாக்கை ரேக்குத்தான் போட்டேன். அவர் ஆட்டத்தைப் பார்த்தவன் நான். வேறு மாதிரி போட எனக்கு மனம் வரவில்லை.

"தப்பை ஒத்துக்கிட்டவரை மன்னிக்கணும். அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல" என்றார் பாஸ்டர். "ஆனா மன்னிக்கிறது வேற, சுவத்துல மாட்டுறது வேற."

நோரீனும் வேண்டாம் என்றார். "பள்ளிக்கூடப் பசங்க இந்தச் சுவரைத்தான் வந்து பார்க்கறாங்க. இவரு எப்படி இவ்ளோ அடிச்சாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

இரண்டுக்கு இரண்டு. லெஸ்டர் அப்போதே எழுந்து சுவரருகே போய்விட்டார். "அப்ப முடிஞ்சுது. படத்தைக் கொடிக்குப் பக்கத்துல மாட்டலாமா, கதவுக்கு நேரா மாட்டலாமா? வெண்டல், நீ சொல்லு."

வெண்டல் உமியைக் கோப்பையில் துப்பினார். "வேண்டாம்."

"கொடிகிட்ட வேண்டாமா?"

"எங்கயும் வேண்டாம். மாட்டக் கூடாதுன்னு சொல்றேன்."

லெஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள வச்சிருந்தியா இந்த வயித்தெரிச்சல? அவன் மேல போனான், நீ பனி அள்ளப் போன. அதானே?"

வெண்டல் கோபப்படவில்லை. "எனக்கு அந்த அளவுக்கு அடிக்க வராது, லெஸ்டர். பீப்பாய் பீப்பாயா ஊசி போட்டிருந்தாலும் மேல போயிருக்க மாட்டேன். அது எனக்கு அப்பவே தெரியும்." பிறகு கேட்டார்: "அலோன்சோ பைக்னு ஒருத்தன். உங்க யாருக்காவது தெரியுமா?"

எங்களுக்குத் தெரியவில்லை.

"எங்க அணியில ஆடினவன். அந்த வருஷம் ரேக்குச் சமமா அடிச்சான். கோடை முடியறப்ப ரெண்டு பேருக்கும் தோள் போயிடுச்சு. ரே ஊசி போட்டுக்கிட்டான். பைக்குக்கும் ஒண்ணு நீட்டினான். 'எங்கம்மா நர்ஸுடா, தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா'ன்னு சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டான் பைக். அப்புறம் மேல ஒரே ஒரு இடம் காலியாச்சு. யாரு போனதுன்னு உங்களுக்குத் தெரியும். பைக் இப்போ கென்டக்கில வீட்டுக்குக் கூரை போடறான். நல்லாத்தான் இருக்கான், யார் மேலயும் அவனுக்குக் கோபமும் இல்ல. ஆனா அவன் பேரைக் கேட்டா நீங்க நாலு பேரும் முழிக்கிறீங்க பாருங்க. நான் சொன்னதுக்கு அதுதான் காரணம்."

"நீ சொல்லலன்னா இந்த விஷயம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் நோரீன்.

"கேக்காம எப்படிச் சொல்ல? இப்பதானே கேட்டீங்க."

கூட்டம் அத்தோடு முடிந்தது. நான் வெண்டலின் வண்டியில்தான் வந்திருந்தேன். என் வீட்டுத் திருப்பத்தில் அவர் திரும்பவில்லை. "லெஸ்டர் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும். நீ வண்டியிலயே இரு" என்றார்.

ரே முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும் கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "என்னடா, மாட்டியாச்சா? தொப்பை தெரியாத படமா பார்த்து மாட்டச் சொல்லு."

"மாட்டல."

"யாரு கெடுத்தா? நோரீனா? அவ காப்பியில குறை சொன்னதுக்குப் பழி வாங்கறாளா?"

"நான்தான்டா வேண்டாம்னேன்."

ரேயின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. வேடிக்கை என்று நினைத்தாரோ என்னவோ, வெண்டலின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அது மெதுவாகக் கரைந்தது. "ஏன்?"

"பைக்."

ரே ஒரு கட்டையை எடுத்து நிறுத்தினார். வெட்டவில்லை. "அவன் ஏதாவது சொன்னானா?"

"அவன் சொல்ல மாட்டான். உனக்குத் தெரியாதா அவனை?"

"அந்தப் பெரிய எடத்துக்காரங்க கதவைச் சாத்தினாங்க. சரி, அவங்களுக்கு நான் யாரோ. நீ என்கூட ஒரே ரூம்ல படுத்து எழுந்தவன்டா."

"அதனாலதான்டா எனக்குத் தெரியும்."

"போடா" என்றார் ரே. கத்தவில்லை. கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெண்டல் பனியில் சிதறிக் கிடந்த விறகுகளை நனையாமலிருக்கப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டு வந்தார். வண்டியில் ஏறியவர் சாவியைத் திருப்பவில்லை.

"நான் பார்த்ததுலயே பெரிய ஆட்டக்காரன் அவன்தான்" என்றார். "நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகு ஊர் அவரைச் சும்மா விடவில்லை. தலைமுடி வெட்டப் போனபோது, மூன்று நாற்காலியும் காலியாக இருக்க, "இன்னிக்கு இடமில்ல" என்றார் லெஸ்டர். வெண்டலின் மனைவி கார்லாவே வீட்டில் வெட்டிவிட்டார். ஒரு காதுக்கு மேலே காடும் மறு காதுக்கு மேலே வெட்டவெளியுமாக வந்து நின்ற மனிதரைப் பார்த்து நோரீனே சிரித்துவிட்டார். "இவ பந்து எறிய வந்திருந்தா ஒண்ணுகூட நேரா வந்திருக்காது. ஆனா கூலி கேக்கறதில்ல" என்றார் வெண்டல். அவர் லாரியின் பக்கக் கண்ணாடியில் யாரோ 'துரோகி' என்று பனியில் எழுதிவிட்டுப் போனார்கள். அதைத் துடைக்காமலேயே காலை முழுக்க ஓட்டினார். "வெயில் வந்தா தானா போயிடும்" என்றார், போய்விட்டது.

புதன்கிழமைகளில் ரேயின் வீட்டுக்குப் போவதை மட்டும் வெண்டல் நிறுத்தவில்லை. மணியை ஒருமுறை அடிப்பார். காத்திருப்பார். உள்ளே தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும் சத்தம் கேட்கும். கதவு திறக்காது. திரும்பிவிடுவார். இன்னொரு தடவை அடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன்.

"ஒருதடவை அடிச்சா, வந்திருக்கேன்னு அர்த்தம். ரெண்டு தடவை அடிச்சா, தெறன்னு அர்த்தம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல."

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வாக்கை மாத்திப் போட்டிருக்கலாமே?"

"வருத்தம் வேற, தப்பு வேற. எனக்கு வருத்தமா இருக்கறதால பைக் ஊசி போட்டவனா ஆயிடுவானா?" அதோடு பேச்சை மாற்றி, என் கடை வாசலில் இருந்த குழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மறுநாளே வந்து தார் ஊற்றி அடைத்தும் கொடுத்தார்.

ஜூலையில் புகழ்ச்சுவர் விழா. அந்த வருடம் படம் மாட்டப்பட்டது ஐரிஸ் நோலுக்கு. எங்கள் பள்ளிப் பெண்கள் அணியைக் காலமெல்லாம் பயிற்றுவித்தவர். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எலுமிச்சைச் சாறும், வாட்டிய சாஸேஜின் வாசனையும், யாருக்கும் போதாத இரண்டு மின்விசிறிகளும். ஊரே வந்திருந்தது. ரே வரமாட்டார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தன் படத்தை மறுத்த கூடத்துக்கு எந்த மனிதன் வருவான்?

வெண்டல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் தொப்பியை வைத்திருந்தார். இடம் போதாமல் நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர் அதைக் காட்டிக் கேட்டார்.

"ஆளிருக்கு" என்றார் வெண்டல்.

நோரீன் குனிந்து, "கார்லா உள்ள சமையல்ல இருக்கா. அப்புறம் யாருக்குப்பா?" என்றார்.

"ஆளிருக்கு."

இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த லெஸ்டர் கூரையைப் பார்த்தார்.

ஐரிஸ் பேச எழுந்தார். தன் முதல் அணியிடம் ஒரே ஒரு மட்டைதான் இருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கக் கதவு திறந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டையில் ரே டாலிவர் நின்றார். ஐரிஸின் பேச்சு பாதியில் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல், கதவின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரிய மனிதர்.

வெண்டல் எழுந்திருக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.