பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு குளியலறை

வீட்டுக்குப் பிளான் போடுகிற தொழிலில், முன்வாசலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற மனுஷன் குளியலறை என்றதும், "அதை எங்கிட்டாவது ஒரு மூலையில போட்டுவிடுங்க" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். திண்டுக்கல்லில் நான் அந்தப் பிழைப்பு பிழைத்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், நாலடிக்கு அஞ்சடி இருந்தால் அது குளியலறை. உள்ளே ஒரு தொட்டி, ஒரு ஆள், அவ்வளவுதான். சோப்பு விழுந்தால் குனிந்து எடுக்க இடம் கிடையாது. அப்படியொரு பொந்துக்குள் தினமும் முழங்கையை இடித்துக்கொள்ளும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்தப் பொந்துகளில் பாதி நான் வரைந்தவை, மன்னித்துவிடுங்கள். ஆனால் ஒரே ஒரு குளியலறையை மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அதுவும் என் மூளையில் உதித்தது இல்லை.

டீச்சர் கேட்ட இடம்

தேங்காய் மண்டி சவரிமுத்து, நத்தம் ரோட்டில் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டப் பிளான் கேட்டு வந்தார். கூடவே குதிரை வண்டியில் அவருடைய அக்கா ரோசம்மா டீச்சர், கக்கத்தில் இரண்டு கட்டைகளோடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈரப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கூடினதும் கோணலாகக் கூடிவிட்டதாம். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் தவறமாட்டார். தம்பி வீட்டோடுதான் இருப்பு.

தம்பி ஹாலைப் பற்றியும் போர்ட்டிகோவைப் பற்றியும் பேசி முடிக்கிறவரை டீச்சர் காத்திருந்தார். குளியலறை வந்ததும், பத்தடிக்குப் பன்னிரண்டடி வேண்டும் என்றார். பென்சில் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அதில் கல்யாணமே வைக்கலாமே என்று சவரிமுத்து சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. தம்பி பெண்சாதி தெரசாதான் தினமும் அவரைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறாளாம். தங்கமான பிள்ளை, ஒரு நாள் முகம் சுளித்ததில்லை என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "மூணு வருசமா இன்னொருத்தர் கையாலதான் குளிக்கிறேன் சார். புது வீட்டுல கதவைச் சாத்திட்டு நானே குளிக்கணும். அதுக்கு எம்புட்டு இடம் வேணுமோ அம்புட்டும் போடுங்க."

தொட்டியாக நின்றவர்

நானும் கெத்தாக ஒரு பிளான் போட்டேன். ஒரு மூலையில் தொட்டி, எதிர்மூலையில் வெந்நீர் அண்டா, நடுவில் விசாலமாக இடம். காகிதத்தில் பார்க்க அத்தனை லட்சணம். டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதைத் தரையில் நிஜ அளவுக்குப் போட்டுக் காட்டமுடியுமா என்று கேட்டார். இருபது வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் மனைக்குப் போனோம். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன். தம்பியைத் தொட்டி இருக்கிற இடத்தில் நிற்கச் சொன்னார். கொத்தனார் பெரியகருப்பன் வெந்நீர் அண்டா. நான் கதவு. நடுவில் ஒரு நாற்காலி. டீச்சர் கட்டையை ஊன்றி உள்ளே வந்து, உட்கார்ந்து, வெறும் கையால் மொண்டு குளித்துக் காட்டினார். என் பிளான்படி ஒரு குளியலுக்கு அவர் அஞ்சு தரம் எழுந்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு மூஞ்சியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு எல்லாம் அவர் ஏற்பாடுதான். தொட்டி வலது கைக்கு வந்தது, அண்டா இடது கைக்கு. புடவை மாற்ற உட்கார வேண்டுமே என்று, ஈரம் படாத பக்கமாகத் தனியே ஒரு பெஞ்சு. உட்கார்ந்து எழ, சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். கதவு உள்பக்கம் திறக்கக்கூடாது, தான் குறுக்கே விழுந்து கிடந்தால் எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டார். கதவாகிய நான் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன ஒரு மண்டை அந்த அம்மாவுக்கு! வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சவரிமுத்து மெதுவாகக் கேட்டார்: "அக்கா, தொட்டி செத்த நேரம் உக்காரலாமா?"

கொத்தனார் அளவு

பெரியகருப்பன் சாணார்பட்டிப் பக்கத்து ஆள். அதிகம் பேசமாட்டார், வேலைதான் பேசும். அண்டாவைச் சுவரோடு பதித்து, அடுப்பின் வாயைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டார். வெளியே நின்று யாராவது விறகு தள்ளினால் போதும், உள்ளே புகை வராது, ஆளும் வரவேண்டாம். நான் அந்த அடுப்பை யோசித்தே பார்க்கவில்லை.

உட்கார்ந்து குளிக்கிற கல்மேடைக்கு நான் ஒன்றரை அடி உயரம் என்று எழுதியிருந்தேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பெரியகருப்பன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டீச்சரிடம் திரும்பினார்: "பள்ளிக்கூடத்துல நீங்க தினம் உக்காந்து எந்திரிக்கிற நாற்காலியக் கொண்டாரச் சொல்லுங்க டீச்சரம்மா, அந்த ஒசரம்தான் ஒங்க இடுப்புக்குத் தெரியும்."

முகம் பார்க்கிற தரை

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். தரை என்ற இடத்தில் 'சிமெண்ட்' என்று ஒரே வார்த்தை எழுதி முடித்திருந்தேன். பெரியகருப்பனுக்கோ டீச்சர் மேல் அத்தனை மரியாதை. யாரும் கேட்காமலே சிவப்புப் பொடி கலந்து பூசி, மூன்று நாள் மண்டிபோட்டுத் தேய்த்து மெருகேற்றிவிட்டார். பெரிய வீடுகளில் ஹாலுக்கு மட்டும் போடுகிற தரை அது. குனிந்தால் முகம் தெரிந்தது. நானும் பார்த்துச் சபாஷ் போட்டேன், அறிவுகெட்டவன்.

டீச்சர் வந்தார். வாசலில் நின்று வெகுநேரம் தரையையே பார்த்தார். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, கட்டையின் நுனியை வைத்து லேசாக அழுத்தினார். கட்டை சர்ரென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. இதில் சீயக்காயும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? டீச்சர் பெரியகருப்பன் முகத்தைப் பார்த்தார். தரை ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். தெரசாதான் இருக்கிறாளே, பழையபடி அவள் பிடித்துக்கொள்வாள் என்றார். அந்த மனுஷனின் மூன்று நாள் உழைப்பை உடைக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பெரியகருப்பன் சாக்கிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். வாசலில் உட்கார்ந்து, அம்மி கொத்துகிற மாதிரி, புள்ளி புள்ளியாக அந்த மெருகைக் கொத்த ஆரம்பித்தார். ஐயோ வேண்டாம் என்று டீச்சர் தடுத்தார். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "மொகம் பாக்க நான் கண்ணாடி வாங்கியாந்து மாட்டுறேன் தாயி. இது கால் வைக்கிற எடம்."

புதுவீட்டுப் பந்தி

பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். இலை போட்டாயிற்று. வந்தவர்கள் ஹாலைப் பார்த்து வாய் பிளந்தார்கள். டீச்சரை மட்டும் காணோம். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே தாழ்ப்பாள். வெளியே தெரசா துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், கதவில் காதை வைக்காத குறை. பெரியகருப்பன் கொல்லையில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் அடுப்பை அவர் தொடவிடவில்லை. சவரிமுத்து கதவுக்கும் பந்திக்கும் நடந்துகொண்டிருந்தார்.

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. கட்டை தரையில் ஊன்றுகிற சத்தம், டக், டக். அதுவும் நின்றது. பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. தெரசாவால் பொறுக்க முடியவில்லை. "மதினி, நான் வரட்டுமா?" என்று கேட்டாள், குரல் உடைந்துபோயிற்று. எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது, மறைப்பானேன். உள்ளேயிருந்து மறுபடி தண்ணீர் சத்தம், அதற்கு மேலே டீச்சரின் குரல், வகுப்பில் பேசுகிற அதே குரல்: "நீ போய்ச் சாப்பிடு தெரசா. நான் ரெண்டாந்தரம் குளிக்கிறேன்."

டீச்சரம்மா வராமல் பந்தியில் உட்காரமாட்டோம் என்று அன்றைக்கு அத்தனை பேரும் ஒரு மணி நேரம் பட்டினி கிடந்தோம், நான் பிளான் போட்ட வீடுகளிலேயே விருந்தாளிகள் சந்தோஷமாகக் காய்ந்து கிடந்த ஒரே வீடு அதுதான்.